உரிந்த ஸ்டீயரிங், கிழிந்த கியர் பூட், தொங்கும் கதவுத் துணி: குறைந்த செலவில் தோல் உறை மாற்றுவது

#1 கரிசல்வண்டி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் வி.டி.ஐ., ஏர்பேக் இல்லாத வகை. இன்ஜினிலும் பாடியிலும் குறையில்லை. உள்ளே கை படுகிற இடங்கள்தான் போய்விட்டன.

ஸ்டீயரிங் பத்து மணி, இரண்டு மணி நிலையில் பிசுபிசுக்கிறது. வெயிலில் நின்றால் கையில் கறுப்பு ஒட்டுகிறது. கியர் பூட் (கியர் கம்பியின் அடியைச் சுற்றியிருக்கும் உறை) மடிப்பெல்லாம் வெடித்து, பின்பக்க மூலையில் தையல் விட்டிருக்கிறது. டிரைவர் கதவில் கை வைக்கும் இடத்தில் துணி தொங்குகிறது, அழுத்தினால் உள்ளே பொடி நொறுங்குகிறது. டிரைவர் சீட்டின் வலது ஓர மேட்டில் நூல் தெரிகிறது.

குஷன் கடையில் முழு சீட் கவர் செட் போட்டால்தான் மற்ற வேலையைத் தொடுவோம் என்கிறார்கள். 5,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், கைவேலைக்குத் தயார். எங்கே தொடங்குவது? நிஜத் தோல் வாங்கலாமா, ரெக்ஸினே போதுமா?

#2 ஹாரன்ஓகே

முழு செட் இப்போது வேண்டாம் ஜி. நீங்கள் சொன்ன நான்கில் மூன்று இடத்துக்கு ஒரு பெரிய மாட்டுத்தோல் துண்டு போதும். நான்காவதுக்கு சீட்டில் ஒரே ஒரு பேனல் மாற்றினால் சரி.

எளிதான கியர் பூட்டில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு கதவு, கடைசியில் ஸ்டீயரிங். பலர் ஸ்டீயரிங்கில் ஆரம்பித்து, பாதித் தையலில் நூலைத் தளரவிட்டு, கவரையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

ஸ்டீயரிங்குக்கு ரெடிமேட் கைத்தையல் கவர் எடுத்தாலும் அளந்து வாங்குங்கள். வெளிவட்டத்தைச் சுற்றி ஒரு நூலை வைத்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். சந்தையில் எஸ் என்பது 35–36 செ.மீ., எம் 37–38, எல் 39–40. "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று போட்டிருப்பது எம் அளவுதான். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் உங்கள் வண்டியை அளந்து முடிவு செய்யுங்கள்.

உள்ளே ரப்பர் வளையம் வைத்து அப்படியே இழுத்து மாட்டுகிற கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிலில் ரப்பர் தளர்ந்ததும் கவர் தனியாகச் சுழலும். வளைவில் கை திரும்பி, சக்கரம் திரும்பாமல் ஒரு கணம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

#3 தோல்மண்டி

தோலா ரெக்ஸினா என்பதற்கு இடத்துக்கு இடம் பதில் மாறும்.

கை எப்போதும் படுகிற ஸ்டீயரிங்குக்கு நிஜத் தோல். வியர்வையை ஓரளவு உள்வாங்கும், தையல் துளையிலிருந்து கிழியாது. கியர் பூட்டுக்கும் தோல்தான். நாளெல்லாம் ஒரே மடிப்பில் மடங்கி நிமிர்கிற பொருள் அது. மலிவான ரெக்ஸின் மடிப்பில் முதலில் வெள்ளைக்கோடு போடும், பிறகு வெடிக்கும். கதவுக்கும் சீட் ஓரத்துக்கும் நல்ல ரெக்ஸின் போதும்.

ரெக்ஸினில் இரண்டு ஜாதி. பி.வி.சி. பூச்சு கனமாக இருக்கும், வெயிலில் அதிலுள்ள மென்மையாக்கி மெல்ல வெளியேறி விறைத்துப்போகும். பி.யு. (பாலியூரிதேன்) பூச்சு தொடுவதற்குத் தோல் மாதிரியே இருக்கும், ஆனால் ஈரக்காற்றில் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்க்காரர்கள் மலிவான பி.யு. வாங்காதீர்கள். மைக்ரோஃபைபர் துணியில் பூச்சுப் போட்டது இரண்டையும் விட மேல், விலையும் அதற்கேற்ப.

கடையில் "ஒரிஜினல் லெதர்" என்று தந்தால் மூன்று இடம் பாருங்கள். வெட்டு விளிம்பில் நார் பிரிந்து தெரிய வேண்டும். துணி இழை தெரிந்தால் ரெக்ஸின். பின்பக்கம் மயிர்த்த மாதிரி இருக்க வேண்டும். ஆனால் பின்பக்கம் நாராக இருந்து மேலே வழுவழுவென்று ஒரே சீரான பிளாஸ்டிக் படலம் இருந்தால் அது ஸ்பிலிட் தோல். தோலின் அடி அடுக்கில் பூச்சு ஏற்றியது. வளைத்துப் பார்த்தால் மேற்படலம் தனியாகச் சுருங்கும். ஸ்டீயரிங்குக்கு ஆகாது.

கனம்: ஸ்டீயரிங்குக்கு 1.0 முதல் 1.2 மி.மீ., கியர் பூட்டுக்கு 0.8 முதல் 1.0. அதைத் தாண்டினால் ஸ்போக் (ஸ்டீயரிங்கின் நடுவையும் பிடி வளையத்தையும் இணைக்கும் கை) அருகே மடங்காது, பூட் கியரைத் திருப்பித் தள்ளும். ஆட்டுத்தோல் 0.6–0.8 மி.மீ.தான் வரும். பூட்டுக்குச் சமாளிக்கலாம், ஸ்டீயரிங்கில் சீக்கிரம் தேயும்.

அளவுக் கணக்கு: ஸ்டீயரிங் பட்டை 120 செ.மீ.க்கு 11 செ.மீ., அதாவது ஏறக்குறைய ஒன்றரைச் சதுர அடி. பூட்டுக்கு இன்னொரு ஒன்றரை. தோலில் தழும்பு, வயிற்றுப்பக்கத் தளர்வு என்று விலக்க வேண்டியது நிறைய இருக்கும். ஆகவே ஐந்து சதுர அடி வாங்குங்கள். ரெக்ஸின் 54 அங்குல அகலத்தில் மீட்டர் கணக்கில் விற்கும், கதவுக்கும் சீட்டுக்கும் அரை மீட்டர் தாராளம்.

சென்னையில் பெரியமேட்டில் துண்டுத் தோல் கிடைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போகிறவர்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய முடித்த தோலைக் கேளுங்கள். செருப்பு மேல்தோல் வேண்டாம், விறைப்பாக இருக்கும். சோபா அல்லது கைப்பைத் தோல் என்று கேட்டால் சரியான மென்மையில் தருவார்கள்.

#4 கரிசல்வண்டி

நன்றி ஐயா. ஒரு சந்தேகம். பிசுபிசுப்பின் மேலேயே கவரைத் தைத்துவிட்டால் மறைந்துவிடாதா?

#5 ஊசிநூல்

மறையும், ஆனால் கவர் நழுவும். பிசுபிசுப்புக்குக் காரணம் பாலியூரிதேன் மேற்தோல் சிதைவது. வியர்வை, கை எண்ணெய், சானிடைசர், வெயில் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. கவருக்குள் அது சூட்டில் இளகி, எண்ணெய் தடவிய குழாயில் துணி சுற்றிய மாதிரி ஆகிவிடும். மலிவான கவராக இருந்தால் தையல் துளை வழியாகக் கறுப்புக்கூடக் கசியும்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு ஸ்பூன், அரை லிட்டர் வெந்நீர், மென்மையான பிரஷ். துடைத்துக் காயவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் தேயுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும் வரை துணியை மாற்றி மாற்றி. கட்டியாக ஒட்டியிருந்தால் 240 நம்பர் உப்புத்தாளால் லேசாக இழுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டும் தொடக்கூடாது. மிச்சமிருக்கும் நல்ல ஃபோமையும் கரைத்துவிடும். ஒரு ராத்திரி காய்ந்த பிறகு உள்ளங்கையை அழுத்தி எடுத்தால் ஒட்டக்கூடாது. அதுதான் அளவு.

குழி விழுந்திருந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். அதன் பசை கோடையில் வழியும். மெல்லிய துணி டேப்பை ஒரே அடுக்காகக் குழியில் மட்டும் ஒட்டுங்கள்.

இனி தையல். ரெடிமேட் கவரானாலும் நீங்களே வெட்டினதானாலும் முறை ஒன்றுதான்.

ஸ்டீயரிங்கைக் கழற்ற வேண்டாம். இன்ஜினை நிறுத்தி, சாவியை ஏ.சி.சி. நிலையில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் வேலை செய்யும் நிலை) வைத்தால் லாக் விழாது, வேண்டிய பக்கம் திருப்பிக்கொண்டே தைக்கலாம். கவரை ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள், இளகும். உச்சியில் நடுவை வைத்து மேலும் கீழும் டேப் போட்டு நிறுத்துங்கள். இணைப்புத் தையல் ஆறு மணி நிலையில், இல்லாவிட்டால் ஸ்போக்குக்குப் பின்னால் வரட்டும். கை படுகிற இடத்தில் வேண்டாம்.

இப்போது இரண்டு விளிம்புக்கும் நடுவே இடைவெளியைப் பாருங்கள். 3 முதல் 5 மி.மீ. இருந்தால் சரியான கவர். இழுக்காமலே விளிம்புகள் தொட்டால் கவர் பெரிது, எவ்வளவு தைத்தாலும் சுழலும். 10 மி.மீ.க்கு மேல் விட்டால் மூடுவதற்குள் தையலே கிழியும்.

அடுத்து எல்லோரும் தவறு செய்யும் இடம். ஊசி தோலைக் குத்தக்கூடாது. கவரின் இரண்டு விளிம்பிலும் ஏற்கெனவே ஒரு மெஷின் தையல் ஓடும். அந்தத் தையலின் ஒவ்வொரு கண்ணிக்கும் அடியில் ஊசியை நுழைத்து, எதிர் விளிம்பில் அதே எண்ணுள்ள கண்ணிக்கு அடியில் எடுக்க வேண்டும். தோலைக் குத்தினால் நூல் இழுக்கும்போது துளை நீண்டு, ஆறு மாதத்தில் பல் பல்லாகக் கிழியும். வலது விளிம்பில் ஒரு கண்ணி தவறினால் அடுத்த ஸ்போக் வருவதற்குள் உறை முறுக்கிக்கொண்டு நிற்கும். பத்துக் கண்ணிக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் எண்ணுங்கள்.

நூல்: 0.8 மி.மீ. மெழுகு பூசிய பாலியெஸ்டர். பருத்தி நூல் வியர்வையில் மக்கும், நைலான் வெயிலில் வலுவிழக்கும். இரண்டு ஸ்போக்குக்கு நடுவே உள்ள நீளத்தைப் போல நாலரை மடங்கும், பிடிக்க 30 செ.மீ.யும் வெட்டுங்கள். ஒரு பகுதிக்கு ஒரு நூல். நடுவில் முடிச்சுப் போட்டு நீட்டினால் அந்த முடிச்சு கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு ஐந்து கண்ணிக்கும் பின்னால் போய், மழுங்கிய கொக்கியால் ஒவ்வொரு குறுக்கு நூலையும் தூக்கி இறுக்குங்கள். கடைசியில் மொத்தமாக இழுத்து இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டால் இறுகாது, நூலின் மெழுகு தோலைக் கவ்விக்கொள்ளும். ஆள்காட்டி விரலில் துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

#6 நெல்லைப்பாதை

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோலை நீங்களே வெட்டுவதாக இருந்தால், உட்புறச் சுருக்கம் ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டு வெட்டுங்கள்.

வெளிவிட்டம் 37 செ.மீ. என்றால் வெளிச்சுற்று 116 செ.மீ. பிடியின் கனம் 3 செ.மீ. என்றால் உள்விட்டம் 31, உள்சுற்று 97 செ.மீ.தான். ஒரே பட்டையின் நடுப்பகுதி 116 செ.மீ. ஓட வேண்டும், விளிம்புகள் 97 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். மிஞ்சுகிற 19 செ.மீ. எங்கே போகும்? சுருக்கமாக நிற்கும். அகலத்தை மட்டும் எவ்வளவு இறுக்கினாலும் இது போகாது.

அதனால் நீளத்திலும் 4–5 சதவீதம் குறைத்து வெட்டி, வெளிப்பக்கத்தை இழுத்து நீட்டித் தைக்க வேண்டும். இழுபடும் திசை பட்டையின் நீளவாக்கில் வருமாறு வெட்டுங்கள். முதுகுத்தண்டு வாக்கில் தோல் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் இழுபடும். ஒரே நீளப் பட்டை கிடைக்காவிட்டால் நான்கு துண்டாக வெட்டி ஸ்போக்குகளில் இணையுங்கள். பல கம்பெனி ஸ்டீயரிங்குகளே அப்படித்தான் இருக்கின்றன.

அளவு எடுக்க: பிடியைச் சமையலறை ஒட்டுப்படலத்தால் சுற்றுங்கள். மேலே மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். உள்வட்டத்தில் தையல் வரும் கோடு, ஸ்போக்கின் ஓரம், உச்சி நடு எல்லாவற்றையும் பேனாவால் குறியுங்கள். கோட்டிலேயே பிளேடு போட்டு உரித்தெடுத்து அட்டையில் ஒட்டினால் அதுதான் அளவு அட்டை. அகலத்தில் பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. குறையுங்கள். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே மெஷின் தையல், ஒரு தையல் 5 மி.மீ. நீளம். இரண்டு விளிம்பிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

#7 ஹாரன்ஓகே

இழை நீளுகிறது என்றாலும் ஏர்பேக் உள்ள வண்டிக்காரர்களும் படிப்பார்கள் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். 2019 ஜூலை 1 முதல் டிரைவர் ஏர்பேக் எல்லா புதுக் கார்களிலும் கட்டாயம். பயணி ஏர்பேக் 2021-இல் சேர்ந்தது. எனவே பெரும்பாலான புது வண்டிகளில் இரண்டும் உண்டு.

பிடி வளையத்துக்கு மட்டும் உறை போடலாம். நடுவில் ஹாரன் அமுக்கும் மூடிதான் ஏர்பேக்கின் வாசல். அது உட்பக்கம் மெல்லிய கோட்டில் கிழிந்து திறக்கும். அதன் மேல் தோலோ ரெக்ஸினோ ஸ்டிக்கரோ ஒட்டினால் திறப்பது தாமதமாகும், ஒட்டிய துண்டு முகத்துக்குப் பறந்து வரும். டேஷ்போர்டின் இடது பக்கத்துக்கும் இதே விதி.

சீட்டின் முதுகு ஓரத்தில் "ஏர்பேக்" என்று சின்னத் துணி அடையாளம் இருந்தால் பக்க ஏர்பேக் உள்ளே இருக்கிறது. அந்த ஓரத்தை மூடித் தைத்த கவர் போடவே கூடாது. அதற்கென்று பலவீனமான நூலில் தைத்த கவர் தனியாக விற்கிறார்கள், அதுகூட வண்டி மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வீட்டுத் தையலுக்கு இது வேலையில்லை.

ஸ்டீயரிங்கைக் கழற்றித்தான் தைப்பேன் என்று கடைக்காரர் சொன்னால், பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கிறாரா, உள்ளே இருக்கும் சுருள் கேபிளைத் திரும்பாமல் நிறுத்துகிறாரா என்று நின்று பாருங்கள். சுருள் கேபிள் இரண்டு சுற்றுத் தவறினால் முழுத் திருப்பலில் அறுந்து, ஹாரனும் ஏர்பேக்கும் போய்விடும்.

#8 கரிசல்வண்டி

இந்த வார இறுதியில் கியர் பூட். பழைய பூட்டையே அளவாக வைத்து வெட்டலாமா?

#9 குஷன்கட்டை

வெட்டலாம் தம்பி, ஆனால் அப்படியே வைத்து வரையாதீங்க.

ஸ்விஃப்ட்டில் நாப் (கியரின் மேல் குமிழ்) இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். பூட்டின் அடிச்சட்டத்தை பிளாஸ்டிக் நெம்பியால் ஒரு மூலையில் தூக்குங்க, இரும்புத் திருப்புளி போட்டால் கன்சோலில் வடு விழும். சட்டத்தில் தோலை எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைச்சுக்கோங்க. எந்தத் தையல் முன்னால் இருந்தது என்பதை சாக்பீஸால் குறிங்க.

தையலைப் பிரித்தால் நான்கு முக்கோணத் துண்டு வரும். காய்ந்த தோல் சுருங்கியிருக்கும். ஈரத் துணி போட்டுத் தட்டையாக்கி, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைங்க. அதிகம் கெடாத துண்டு எதுவோ அதை மட்டும் அட்டையில் வரைந்து, எதிர்ப்பக்கத்துக்கு அதையே திருப்பிப் போடுங்க. உயரத்தில் 4 மி.மீ. கூட்டுங்க. தையல் ஓரம் 8 மி.மீ.

வீட்டுக் கால் மெஷின் 1 மி.மீ. தோல் இரண்டு மடிப்பைத் தாங்கும். 18 நம்பர் தோல் ஊசி போட்டு, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைக்கணும். பாதம் தோலில் ஒட்டி நகராவிட்டால் மேலே மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துடுங்க. தையல் நீளம் 4 மி.மீ. நெருக்கமாகப் போட்டால் தபால்தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். மெஷின் இல்லாவிட்டால் பை தைக்கும் கடையில் கொடுங்க, நாலு தையல்தான்.

தைத்ததும் உட்பக்கம் மடிப்பை இரண்டு பக்கமும் பிரித்து, பசை தொட்டு, சின்ன சுத்தியால் தட்டுங்க. இதைச் செய்யாவிட்டால் தையல் கோடு முண்டு முண்டாகத் தெரியும்.

கழுத்து கட்டும் முறை: பூட்டை உள்வெளியாகத் திருப்பி, கியர் கம்பியின் மேல் தலைகீழாக மாட்டி, கழுத்தில் கேபிள் டை இறுக்கி, பிறகு கீழே உருட்டி விடணும். டை உள்ளே மறைஞ்சிடும்.

சட்டத்தில் ஒட்டுவதற்கு முன்னால் கிளிப் போட்டு நிறுத்திட்டு எல்லா கியரும் போட்டுப் பாருங்க. ஐந்தாவதும் ரிவர்ஸும் ஓர மூலைகள். இரண்டிலும் தோல் விறைப்பாக இழுபட்டால் கியர் தானாகக் கழன்று வர வாய்ப்பிருக்கு. இரண்டு மூலையிலும் விரல் நுழையும் தளர்வு இருக்கணும்.

#10 நெல்லைப்பாதை

வேறு வண்டிக்காரர்களுக்கு: ஹியுண்டாய் ஐ10, ஐ20-இல் ரிவர்ஸுக்குத் தூக்கும் வளையம் நாப்புக்குக் கீழே இருக்கும். பூட்டின் கழுத்தை அந்த வளையத்தோடு சேர்த்து இறுக்கினால் வளையம் தூக்காது. போலோவில் நாப்பும் பூட்டும் ஒரே தொகுப்பு. உள்ளே ஒருமுறை மட்டும் நசுக்கிப் போடும் இரும்பு கிளாம்ப் இருக்கும். அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும், புது கிளாம்ப் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

#11 கரிசல்வண்டி

பூட் முடிந்தது, எல்லா கியரும் தளர்வாக விழுகிறது. இப்போது கதவு. துணியை உரித்துப் பார்த்தால் மஞ்சள் பொடி கொட்டுகிறது. சாதாரண ரப்பர் பசை தடவி ரெக்ஸினை ஒட்டலாம்தானே?

#12 குஷன்கட்டை

அவசரப்படாதீங்க. கதவு வேலை பாதி வண்டியில் மூன்றே மாதத்தில் உரிந்து வருவதற்கு இரண்டு காரணம், இரண்டும் பசைக்கு அடியில்தான் இருக்கு.

ஒன்று, அந்த மஞ்சள் பொடி. துணியோடு சேர்த்து ஒட்டியிருந்த ஃபோம் சிதைந்தது அது. நைலான் பிரஷால் முழுசாகச் சுரண்டி, வேக்குவம் போட்டு, ஸ்பிரிட் துணியால் துடைங்க. விரலால் தேய்த்தால் மஞ்சள் வரவே கூடாது. பொடி மேல் தடவிய பசை பொடியைத்தான் பிடிக்கும், பலகையைப் பிடிக்காது.

இரண்டு, அடிப்பலகை என்ன பிளாஸ்டிக் என்று யாரும் பார்ப்பதில்லை. பின்பக்கம் அம்புக்குறிக்குள் எழுத்து அச்சாகியிருக்கும். ஏ.பி.எஸ். என்றிருந்தால் 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பசை பிடிக்கும். பி.பி. (பாலிபுரோப்பிலீன்) என்றிருந்தால் எந்த ரப்பர் பசையும் நேரடியாக நிற்காது. அந்தப் பிளாஸ்டிக்கின் குணம் அது. உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் பி.பி. பிரைமர் ஒரு கோட் அடித்து, காய்ந்த பிறகு பசை. மரநார் அட்டையாக இருந்தால் ஒன்றும் வேண்டாம், பசையை மட்டும் இரண்டு கோட் போடுங்க, முதல் கோட்டை அட்டை குடித்துவிடும்.

பசை சூடு தாங்கும் கான்டாக்ட் வகையாக இருக்கட்டும். நம்ம ஊர் வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டியின் உள்பாகம் எழுபது டிகிரி வரை போகும். சாதாரண ரப்பர் பசை அந்தச் சூட்டில் இளகி, இழுத்து ஒட்டின ஓரமெல்லாம் பின்வாங்கிடும்.

இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்க. விரல் முட்டியை வைத்து எடுத்தால் ஒட்டுகிற மாதிரி இருக்கணும், ஆனால் பசை முட்டியோடு வரக்கூடாது. ஈரத்திலேயே ஒட்டினால் உள்ளே மாட்டின தின்னர் ஆவி வெயிலில் கொப்புளமாக எழும்பும். கண்ணாடி இறக்கி, வெளியே வைத்துச் செய்யுங்க. ஆவி தலை சுற்றும், பக்கத்தில் நெருப்பு இருக்கக்கூடாது.

3 மி.மீ. ஃபோம் ஒட்டி வரும் ரெக்ஸின் கிடைத்தால் நல்லது. நடுவில் முதலில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே போங்க. உட்குழிந்த வளைவில் ஓரத்தை நேராக நறுக்கி விரிய விடணும். வெளிப்புடைத்த வளைவில் வி வடிவத்தில் துண்டு எடுத்து மடிக்கணும். நறுக்கு எதுவும் முன்பக்க ஓரத்துக்கு 5 மி.மீ.க்கு முன்னாலேயே நிற்கட்டும். ஸ்டேப்பிள் அடித்தால் 4 மி.மீ. கால் உள்ளது. 6 மி.மீ. மெல்லிய பலகையைத் துளைத்து முன்பக்கம் முள்ளாக வரும்.

ஒட்டி முடித்து ஒரு நாள் முழுக்க நிழலில் வைத்த பிறகுதான் வண்டியில் மாட்டணும்.

#13 ஊசிநூல்

கதவுப் பலகை கழற்றும்போது இரண்டு விஷயம். ஸ்குரூ கைப்பிடிக் குழிக்குள்ளும் திறக்கும் லீவருக்குப் பின்னாலும் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் கிளிப்பை இழுக்க வேண்டும். பழைய கிளிப்பில் சில உடைவது நிச்சயம், பத்து கிளிப் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் ஷீட் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். தேவையில்லாத பொருள் என்று கிழித்துப் போடுகிறார்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீரை உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அது போனால் முதல் மழையில் புது ரெக்ஸின் பின்னாலிருந்து நனைந்து, கால்மிதியும் நனையும். பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) போட்டுத் திருப்பி ஒட்டுங்கள்.

#14 தென்காற்று

ஸ்டீயரிங் உறைக்கு அடியிலும் இந்த கான்டாக்ட் பசையையே முழுக்கத் தடவிவிட்டால் சுழலவே சுழலாது இல்லையா? தையல் தளர்வாக இருந்தாலும் சமாளிக்கலாமே.

#15 ஊசிநூல்

நண்பரே, இதில் எனக்கு மாற்றுக் கருத்து. கான்டாக்ட் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. தைக்கும்போது தோல் ஒவ்வொரு கண்ணிக்கும் அரை மி.மீ. நகர்ந்து இடம் பார்த்து உட்கார வேண்டும். பசை போட்டால் அந்த நகர்வு நின்று, சுருக்கம் அங்கேயே உறைந்துவிடும். ஐந்து வருடம் கழித்து மாற்றும்போது கீழே உள்ள ஃபோமும் தோலோடு உரிந்து வரும்.

ஸ்போக்கைச் சுற்றி உள்ளே செருகும் நாக்குகளில் மட்டும் பசை, உச்சியிலும் அடியிலும் மெல்லிய டபுள் டேப் ஒரு துண்டு. மற்றதெல்லாம் தையலின் இறுக்கம்தான் பிடிக்க வேண்டும். நாக்கைப் பிளாஸ்டிக் ஓரத்துக்குள் தள்ள பழைய ஏ.டி.எம். அட்டை போதும்.

#16 தோல்மண்டி

ஈரம் காட்டித் தோலை இழுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளித்து இழுத்துத் தைத்தால் காயும்போது இறுகும், உண்மைதான். ஆனால் எந்தப் பதனீட்டுத் தோல் என்று பாருங்கள். வெட்டு விளிம்பு நீலச்சாம்பலாக இருந்தால் குரோம் பதனிட்டது, சூட்டை நன்றாகத் தாங்கும். பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் மரப்பட்டை, கடுக்காய் வகையில் பதனிட்டது. இது ஈரத்தோடு சூடு பட்டால் எழுபத்தைந்து டிகிரி வாக்கிலேயே சுருங்கி எலும்பு மாதிரி விறைத்துவிடும். அதன் மேல் ஹேர் டிரையரைக் காட்டாதீர்கள். முழுக்கச் சாயமேற்றிய கறுப்புத் தோலில் விளிம்பும் கறுப்பாக இருக்கும், அப்போது கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஏற்கெனவே தோல் ஸ்டீயரிங் இருந்து, நிறம் மட்டும் போய் தோல் கிழியாமல் இருப்பவர்கள் உறையே போட வேண்டாம். ஆல்கஹால் கலவையால் துடைத்து, 600 நம்பர் உப்புத்தாள் லேசாகப் போட்டு, தண்ணீரில் கரையும் தோல் நிறத்தை ஸ்பாஞ்சால் நான்கைந்து மெல்லிய கோட், மேலே மேட் பூச்சு. ஷூ பாலிஷ் பூசினால் வியர்வையில் கரைந்து சட்டையில் ஏறும்.

#17 கரிசல்வண்டி

கதவு பி.பி.தான். பிரைமர் அடித்து ஒட்டியாகிவிட்டது, ஓரம் அசையவில்லை. சீட் ஓரத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு ஸ்டீயரிங்கில் கை வைக்கிறேன்.

#18 குஷன்கட்டை

நம்ம வண்டியில் டிரைவர் வலப்பக்கமாக இறங்குவதால் அந்த ஒரு மேடுதான் தேயும். அந்தப் பேனல் மட்டும் மாற்றினால் போதும். கவரின் அடியில் சின்ன இரும்பு வளையங்களால் கம்பியோடு கட்டியிருக்கும், ஹாக் ரிங் என்பார்கள். வலப்பக்க வளையங்களை மட்டும் வெட்டி எடுத்து, தேய்ந்த துண்டின் தையலைப் பிரித்து, அதே அளவில் கறுப்பு ரெக்ஸின் தைத்துச் சேருங்க. இடப்பக்க மேட்டுக்கும் அதே ரெக்ஸின் போட்டால் கம்பெனி டிசைன் மாதிரியே தெரியும்.

துணியை எடுத்ததும் அடியில் ஃபோம் அமுங்கியிருக்கும். 10 மி.மீ. அடர்த்தியான ஃபோம் துண்டை ஓரம் சரிவாகச் சீவி ஒட்டிட்டு மேலே கவரை இழுங்க. அமுங்கின ஃபோம் மேல் புதுக் கவர் போட்டால் ஒரு மாதத்தில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே திரும்பத் தேயும்.

ஹாக் ரிங் போட அதற்கான பிளேயர் வேணும். இல்லாவிட்டால் நல்ல கேபிள் டை, வால் பக்கத்தை ஒட்ட வெட்டிடுங்க.

#19 ஹாரன்ஓகே

எல்லாம் முடிந்த பிறகு டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் பாலிஷை ஸ்டீயரிங்கிலும் கியர் நாப்பிலும் அடிக்காதீர்கள். வழுக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நூலில் ஊறி அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சானிடைசர் போட்டால் கை முழுக்கக் காய்ந்த பிறகு பிடியுங்கள், அந்த ஆல்கஹால்தான் மேல்பூச்சை முதலில் அரிக்கும். மாதம் ஒருமுறை ஈரத்துணி, அவ்வளவுதான்.

#20 கரிசல்வண்டி

உச்சி நடுவைக் குறித்து, மேல் பகுதியை மட்டும் இன்று தைத்தேன். விளிம்புகளுக்கு நடுவே 4 மி.மீ. இருந்தது, ஒரு பக்கத்துக்கு 52 கண்ணி. இடது ஸ்போக் அருகே மட்டும் உட்பக்கம் மூன்று சின்னச் சுருக்கம் நிற்கிறது. பிரித்துத் தைக்க வேண்டுமா?

#21 நெல்லைப்பாதை

பிரிக்க வேண்டாம். அந்த இடத்தில் கடைசிப் பத்துக் கண்ணியை மட்டும் தளர்த்தி, தோலை ஸ்போக் பக்கம் கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்குங்கள். பிறகு ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் சுருக்கத்தின் குறுக்காகத் தேயுங்கள். உங்கள் தோல் குரோம் வகைதானே, பயமில்லை. இரண்டு நாள் ஓட்டிய பிறகும் நின்றால் சொல்லுங்கள். கீழ்ப்பகுதிக்கு நூல் வெட்டும் முன் ஸ்டீயரிங்கை நேராக வைத்து உச்சிக் குறி நகரவில்லை என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.